செய்தியோடை பழுதானால் சரிசெய்வதும் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவதும்: முழுமையான வழிகாட்டி

ஒரு தளத்தின் ஆர்.எஸ்.எஸ். ஓடை (புதிய இடுகைகளைப் பின்தொடர்பவர்களின் படிப்பான் செயலிக்குக் கொண்டுசேர்க்கும் கோப்பு) நின்றுபோனால் தளக்காரருக்கு அது உடனே தெரிவதில்லை. தளம் வழக்கம்போலத் திறக்கும், புதிய இடுகை முகப்பில் தெரியும். ஓடைப் படிப்பான் வழியாகப் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் எதுவும் போய்ச் சேராது. அவர்களில் பெரும்பாலோர் புகார் சொல்ல மாட்டார்கள். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

முதலில் பழுது பார்க்க வேண்டும், பூட்டு அதற்குப் பிறகுதான். உடைந்த ஓடைக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டால் சரிபார்ப்புக் கருவிகளும் திரட்டிகளும் உள்ளே போக முடியாமல் அனுமதி மறுப்பை மட்டுமே காட்டும். உள்ளே இருக்கும் உண்மையான கோளாறு மறைந்துவிடும். கீழே வரும் கட்டளைகள், கோப்புப் பெயர்கள், அமைப்புச் சொற்கள் எல்லாவற்றையும் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும்.

படி 1: சர்வர் உண்மையில் என்ன அனுப்புகிறது?

உலாவியில் திறந்து பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஃபயர்பாக்ஸ் 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்பிலேயே ஓடையை அழகாகக் காட்டும் வசதியை நீக்கிவிட்டது. அதோடு உங்கள் உலாவி தளத்தில் நிர்வாகியாக உள்நுழைந்திருக்கும், பழைய நகலையும் கையில் வைத்திருக்கும். படிப்பான் காண்பதை நீங்கள் காண வேண்டுமானால் டெர்மினலில் கர்ல் கருவியால் ஓடை முகவரியைக் கேளுங்கள்; தலைப்புத் தகவலை (ஹெடர்) ஒரு கோப்பிலும் உள்ளடக்கத்தை இன்னொரு கோப்பிலும் சேமியுங்கள். தலைப்பை மட்டும் கேட்கும் குறுக்குவழியைத் தவிர்ப்பது நல்லது. அது வேறு வகைக் கோரிக்கை என்பதால் சில சர்வர்கள் அதற்கு வேறு பதில் தரும்.

முதல் வரியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 200 என்றால் அடுத்த படிக்குப் போகலாம். 301 என்றால் முகவரி நிரந்தரமாக மாறியிருக்கிறது. ஒரே தாவலில் சரியான இடத்துக்குப் போனால் கவலையில்லை, ஆனால் பாதுகாப்பான முகவரிக்கு ஒன்று, முன்னொட்டு நீக்க ஒன்று, கடைசிச் சாய்கோட்டுக்கு ஒன்று எனச் சங்கிலியாகத் தாவினால் சுருக்கிவிடுங்கள். வேர்ட்பிரஸில் 404 (பக்கம் இல்லை) வந்தால் செட்டிங்ஸ் பகுதியில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமியுங்கள். முகவரி விதிகள் மீண்டும் எழுதப்படும். பல நேரம் அதுவே போதும். 410 என்பது "இது இனி இல்லை" என்ற அறிவிப்பு. சில படிப்பான்கள் அதைப் பார்த்ததும் சந்தாவையே நிறுத்திவிடும், எனவே தவறுதலாகக்கூட அதை அனுப்பக் கூடாது.

403 (அனுமதி மறுப்பு) தான் அலைக்கழிக்கும். உங்களுக்கு ஓடை திறக்கும், படிப்பானுக்கு மட்டும் திறக்காது. பெரும்பாலும் கிளவுட்ஃபிளேர் போன்ற முன்சேவையிலோ (சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் சேவை) பாதுகாப்புப் பிளகினிலோ உள்ள, தானியங்கி நிரல்களைத் தடுக்கும் போட் தடுப்பு, "நீங்கள் மனிதர்தானா" என்று கேட்கும் பக்கத்தை அனுப்பியிருக்கும். படிப்பான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. ஓடை முகவரிக்கு மட்டும் அந்தச் சோதனையைத் தவிர்க்கும் விதி ஒன்றை எழுதுங்கள். வீட்டு இணைப்பிலிருந்து சோதித்துத் திருப்தி அடையாமல், சர்வரின் அணுகல் பதிவேட்டில் அந்தப் படிப்பானின் பெயருக்கு எதிரே எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். பதிவேட்டில் அதன் பெயரே இல்லையென்றால் கோரிக்கை உங்கள் சர்வரை எட்டவே இல்லை, முன்சேவையிலேயே நின்றுவிட்டது என்று பொருள்.

அடுத்து உள்ளடக்க வகை. ஓடை எழுதப்படும் குறிமொழி எக்ஸ்.எம்.எல். என்பதால் அது ஆர்.எஸ்.எஸ். எக்ஸ்.எம்.எல். என்றோ பொதுவான எக்ஸ்.எம்.எல். என்றோ இருக்க வேண்டும். எச்.டி.எம்.எல். என்று இருந்தால் சில படிப்பான்கள் அதை வலைப்பக்கமாக நினைத்து, அதற்குள் ஓடை முகவரியைத் தேடிக் களைத்துவிடும்.

படி 2: 200 வந்தும் ஓடை திறக்கவில்லை

எச்.டி.எம்.எல். பிழைகளை உலாவி மன்னிக்கும். எக்ஸ்.எம்.எல். ஒரே ஒரு பிழையைக்கூட மன்னிக்காது. முதல் தவறிலேயே முழுக் கோப்பும் நிராகரிக்கப்படும். சேமித்த உள்ளடக்கக் கோப்பை எக்ஸ்.எம்.எல்.லின்ட் கருவியில் கொடுத்தால் தவறு எந்த வரியில் என்று சொல்லிவிடும். டபிள்யூ3சி நடத்தும் ஓடைச் சரிபார்ப்பானும் இலவசம்; அது எக்ஸ்.எம்.எல். பிழைகளோடு ஆர்.எஸ்.எஸ். விதிமீறல்களையும் காட்டும்.

"எக்ஸ்.எம்.எல். அறிவிப்பு தொடக்கத்தில் இல்லை" என்ற பிழை வந்தால், அறிவிப்பு வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரியோ இடைவெளியோ கசிந்திருக்கிறது. தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில், பி.எச்.பி. மூடுகுறிக்குப் பிறகு விட்ட ஒரு வெற்று வரியே இதற்குப் போதும். பி.எச்.பி. மட்டுமே உள்ள கோப்புகளில் மூடுகுறியை எழுதாமலே விடலாம். அதுவே சரியான பழக்கம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு குற்றவாளி பி.ஓ.எம்., அதாவது சில எடிட்டர்கள் யூ.டி.எஃப்-8 கோப்பின் தலையில் சேர்க்கும் 3 பைட் குறி. ஓடையின் தொடக்கத்தில் அது ஒருமுறை மட்டும் வந்தால் எக்ஸ்.எம்.எல். ஏற்கும். இரண்டு கோப்புகளிலிருந்து இரண்டு முறை வந்தாலோ, வெற்று வரிக்குப் பின் வந்தாலோ ஓடை உடையும். எதனால் என்று தெரியவில்லையென்றால் பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு முறையும் கர்லால் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது & குறி. இணைப்பு முகவரிகளில் அது தனியாக நின்றால் எக்ஸ்.எம்.எல். நின்றுவிடும். எச்.டி.எம்.எல்.லில் இடைவெளிக்குப் பயன்படும் பெயர்க்குறியும் இங்கே செல்லாது. எக்ஸ்.எம்.எல்.லுக்கு இயல்பாகத் தெரிந்த பெயர்க்குறிகள் ஐந்துதான்: &, இரண்டு கோண அடைப்புகள், ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள். மற்றதெல்லாம் எண்குறியாக இருக்க வேண்டும்; அந்த இடைவெளிக்கு &#160; என்று எழுதுங்கள்.

வேர்டிலிருந்தோ பி.டி.எஃப்.பிலிருந்தோ ஒட்டிய இடுகைகளில் கட்டுப்பாட்டுக் குறிகள் ஒளிந்திருக்கும். 32க்குக் கீழ் உள்ள குறிகளில் எக்ஸ்.எம்.எல். 1.0 அனுமதிப்பவை மூன்று: 9, 10, 13. மற்றவை சிடேட்டா (உள்ளே இருப்பதை வெறும் உரையாகவே எடுக்கச் சொல்லும்) பகுதிக்குள் இருந்தாலும் தப்பாது. சிடேட்டா போட்டுவிட்டால் எல்லாம் பாதுகாப்பு என்ற நம்பிக்கை தவறு, அதற்குள் ]]> என்ற மூன்று குறிகள் சேர்ந்து வந்தாலும் பகுதி அங்கேயே மூடிக்கொள்ளும்.

படி 3: தமிழ் உரை உடையும் இடங்கள்

சொந்தமாக நிரல் எழுதி ஓடை தயாரிப்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். ஆங்கிலத் தளங்களுக்கு எழுதிய வழிகாட்டிகளில் இவை பெரும்பாலும் இருப்பதில்லை.

யூ.டி.எஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். "கொ" என்ற ஓர் எழுத்து, மெய்க்கு ஒன்று உயிர்க்குறிக்கு ஒன்று என இரண்டு குறிகள், ஆக 6 பைட். இடுகைச் சுருக்கத்தை 200 பைட்டில் வெட்டும் சாதாரணச் சார்பு, 200 மூன்றால் வகுபடாததால், ஒரு குறியின் நடுவிலேயே வெட்டக்கூடும். அரைக்குறி நுழைந்த ஓடை முழுதாக நிராகரிக்கப்படும். பி.எச்.பி.யில் எம்.பி. முன்னொட்டு உள்ள வெட்டுச் சார்பைப் பயன்படுத்தினால் ஓடை உடையாது, ஆனால் "கொ" வெறும் "க" ஆகி நிற்கலாம். இன்டில் நீட்சியில் கிராஃபீம் என்று தொடங்கும் சார்பு முழு எழுத்தாக வெட்டும். முடிந்தால் அதற்கும் மேலே போய், கடைசி இடைவெளியில் வெட்டுங்கள், சொல் பிளவுபடாது.

இடுகைத் தலைப்புகள் காரணமின்றி வெறுமையாக வருகின்றனவா? பி.எச்.பி. 8.1க்கு முந்தைய பதிப்புகளில், குறிமாற்றச் சார்பு (htmlspecialchars) செல்லாத பைட் ஒன்றைக் கண்டால் பிழை சொல்லாமல் வெற்றுச் சரத்தைத் திருப்பிவிடும். 8.1 முதல் இயல்புநிலை மாறி, கெட்ட பைட்டின் இடத்தில் மாற்றுக்குறி வைக்கப்படுகிறது. ஆனால் எக்ஸ்.எம்.எல். தேர்வை நீங்களே குறிப்பிட்டால் அந்த இயல்புநிலை போய்விடும், மாற்றுக்குறித் தேர்வையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

தேதி இன்னொரு பொறி. ஆர்.எஸ்.எஸ். 2.0 கேட்பது ஆங்கில மூன்றெழுத்துக் கிழமை, நாள், ஆங்கில மூன்றெழுத்து மாதம், ஆண்டு, நேரம், நேர வேறுபாடு. தளத்தின் மொழியைத் தமிழுக்கு மாற்றியதும் "திங்கள்", "ஜனவரி" என்று ஓடையிலும் எழுதும் நிரல்கள் உண்டு. படிப்பானுக்கு அந்தத் தேதி புரியாது. இடுகை வரிசையின் அடியிலோ இன்றைய தேதியிலோ போய் விழும். இந்திய, இலங்கை நேரத்தை +0530 என்று எழுதுங்கள். ஐ.எஸ்.டி. என்ற சுருக்கம் அந்த விதியில் இல்லை. ஆட்டம் (Atom, ஆர்.எஸ்.எஸ். போன்ற இன்னொரு ஓடை வடிவம்) வகை ஓடை வைத்திருந்தால் அங்கே நடுவில் முக்காற்புள்ளி வேண்டும்: +05:30. இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பி.எச்.பி.யின் தேதிச் சார்பில் சிறிய ஆர் என்ற ஒற்றை எழுத்தைக் கொடுத்தால் ஆர்.எஸ்.எஸ். வடிவம் மொழி அமைப்பைப் பார்க்காமல் சரியாக வந்துவிடும்.

இடுகை முகவரியில் தமிழ் எழுத்துகள் இருந்தால் ஓடைக்குள் அவை சதவீதக் குறியாக்கத்தில் இருக்க வேண்டும். அப்போது ஒரு தமிழ்க் குறி 9 எழுத்துக்குறிகளாக நீளும். வேர்ட்பிரஸ் இடுகையின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியிருப்பது 200. அதாவது 22 தமிழ்க் குறிகள்தான். நீண்ட தலைப்பு பாதியில் அறுந்த முகவரியாவது இதனால்தான். குறுகிய முகவரிப் பெயரை நீங்களே தட்டச்சிட்டுவிடுங்கள்.

படி 4: ஓடை செல்லும், ஆனால் புதியது வரவில்லை, அல்லது பழையது எல்லாம் புதிதாக வருகிறது

புதியது வராததற்கு முதல் சந்தேகம் கேஷ். பக்கங்களைத் தேக்கி வைக்கும் பிளகின் ஓடையையும் தேக்கியிருக்கும். இரண்டாவது, 304. "மாறியிருந்தால் மட்டும் அனுப்பு" என்று படிப்பான், தன்னிடம் உள்ள நகலின் அடையாளமான ஈடேக் குறியோடு கேட்கும். சர்வர் தவறாக எப்போதும் "மாறவில்லை" என்று சொன்னால் படிப்பான் அதை நம்பிவிடும். புதிய இடுகை போட்டபின், பழைய ஈடேக்கைக் கர்லில் கொடுத்துக் கேளுங்கள். 200 வர வேண்டும். எதிர்த்திசையிலும் கோளாறு உண்டு: கடைசியாகக் கட்டிய நேரம் என்ற புலத்தில் ஒவ்வொரு முறையும் தற்போதைய நேரத்தை எழுதி, அதன் மீது ஈடேக் கணக்கிட்டால் 304 ஒருபோதும் வராது. முழுக் கோப்பும் ஒவ்வொரு முறையும் இறங்கும்.

வேர்ட்பிரஸ் ஓடையில் இயல்பாக 10 இடுகைகள்தான் இருக்கும். ஒரே நாளில் 15 போட்டால், இடையில் வந்து பார்க்காத படிப்பானுக்கு 5 போய்விடும். செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தில் எண்ணை உயர்த்தலாம்.

பழைய இடுகைகள் எல்லாம் மறுபடி புதிதாகத் தெரிந்தால் காரணம் ஜி.யு.ஐ.டி., ஒவ்வொரு இடுகையின் மாறாத அடையாளம். தளத்தைப் பாதுகாப்பான முகவரிக்கு மாற்றும்போது தரவுத்தளம் முழுவதும் தேடி மாற்றுபவர்கள் இந்தப் புலத்தையும் மாற்றிவிடுகிறார்கள். பழைய முகவரி அதில் இருப்பதால் எந்தத் தீங்கும் இல்லை, அதைத் தொடாதீர்கள். முகவரி அல்லாத எண்ணை அடையாளமாக வைத்தால், அது நிரந்தர இணைப்பு அல்ல என்று பண்பு மதிப்பில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் படிப்பான் அதையே இணைப்பாக எடுத்துக்கொள்ளும்.

படி 5: பூட்டும் முன் ஒரு கேள்வி

இடுகை தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறதா? அப்படியானால் ஓடையை மட்டும் பூட்டுவதில் பயனில்லை. வேர்ட்பிரஸில் அதே உரை, நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் ரெஸ்ட் ஏ.பி.ஐ. வழியாகவும் போகும். முதலில் இடுகைகளை உறுப்பினர்களுக்கு மட்டும் ஆக்குங்கள், பிறகு ஓடைக்கு வாருங்கள். ஒலிக்கோப்பு ஓடையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஓடை பூட்டியிருக்கும், அதில் குறிப்பிட்ட எம்.பி.3 கோப்பு திறந்தே கிடக்கும். அந்த முகவரியை ஒருவர் பகிர்ந்தால் பூட்டு இருந்தும் இல்லாததுதான்.

படி 6: தனிக் கோப்பாக உள்ள ஓடைக்குப் பூட்டு

அப்பாச்சி சர்வரில் ஓடைக் கோப்பைத் தனி அடைவில் வையுங்கள். எச்.டி.பாஸ்வேர்ட் (htpasswd) கருவியால் கடவுச்சொல் கோப்பை உருவாக்குங்கள். சின்ன சி தேர்வு புதுக் கோப்பை உருவாக்கும், பெரிய பி தேர்வு பீகிரிப்ட் முறையில் குறியாக்கும். இரண்டாவது பயனரைச் சேர்க்கும்போது சின்ன சியை மறுபடி கொடுத்தால் முதல் பயனர் அழிந்துவிடுவார். இந்தக் கோப்பு வலை அடைவுக்கு வெளியே இருக்க வேண்டும். பிறகு அடைவின் எச்.டி.அக்சஸ் கோப்பில் நான்கு வரி: அங்கீகார வகை பேசிக், பகுதியின் பெயர், கடவுச்சொல் கோப்பின் முழுப் பாதை, செல்லுபடியான பயனர் தேவை.

இன்ஜின்எக்ஸ் சர்வரில் ஓடைக்கான லொகேஷன் பகுதியில் இரண்டு வரி போதும்: பகுதியின் பெயர், கடவுச்சொல் கோப்பின் பாதை. பீகிரிப்ட் அங்கே இயங்குதளத்தின் நூலகத்தைப் பொறுத்தது. சரியான கடவுச்சொல்லையும் ஏற்க மறுத்தால் ஏ.பி.ஆர்.1 முறையில் கோப்பை மீண்டும் உருவாக்குங்கள். அதே லொகேஷனில் ரிட்டர்ன் வரி இருந்தால் அது கடவுச்சொல் கேட்கும் முன்பே ஓடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடவுச்சொல்லில் தமிழ் எழுத்து வேண்டாம். அதை எந்தக் குறியாக்கத்தில் அனுப்புவது என்பதில் படிப்பான்கள் ஒத்துப்போவதில்லை. பயனர்பெயரில் முக்காற்புள்ளி கூடாது; பெயரையும் சொல்லையும் பிரிப்பதே அந்தக் குறிதான்.

பேசிக் முறை கடவுச்சொல்லை மறைப்பதில்லை, பேஸ்64 என்ற எழுத்தாக்கம் மட்டுமே செய்கிறது. எனவே எச்.டி.டி.பி.எஸ். இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. பாதுகாப்பான முகவரிக்கு மாற்றும் விதியையும் கடவுச்சொல் வரிகளையும் ஒரே எச்.டி.அக்சஸ் கோப்பில் போட்டால், அப்பாச்சி முதலில் கடவுச்சொல்லைக் கேட்கும், அதன் பிறகுதான் முகவரியை மாற்றும். கடவுச்சொல் ஒருமுறை திறந்த வழியில் போய்விடும். 80ஆம் போர்ட்டுக்கான விர்ச்சுவல் ஹோஸ்டில் திசைதிருப்பலை மட்டும் வைத்து, கடவுச்சொல் வரிகளை 443இல் வையுங்கள்.

கடவுச்சொல் கேட்க வேண்டிய இடத்தில் வேர்ட்பிரஸின் 404 பக்கம் வருகிறதா? ஹோஸ்டிங் நிறுவனம் 401க்கு (கடவுச்சொல் தேவை என்ற எண்) ஒரு பிழைப்பக்கத்தைக் குறித்திருக்கும், அந்தக் கோப்பு இருக்காது, கோரிக்கை வேர்ட்பிரஸுக்குப் போய்விடும். 401க்கான பிழை ஆவணத்தை இயல்புநிலைக்கு மாற்றும் ஒற்றை வரி இதைத் தீர்க்கும்.

படி 7: வேர்ட்பிரஸ் ஓடைக்குப் பூட்டு

வேர்ட்பிரஸில் ஓடை என்று ஒரு கோப்பு கிடையாது. முதன்மை ஓடை, ஆட்டம், ஆர்.டி.எஃப்., கருத்துகள், ஒவ்வொரு பகுப்பு, ஒவ்வொரு எழுத்தாளர், கேள்விக்குறி போட்டு எழுதும் வடிவம் என்று வாசல்கள் பல. சர்வரில் முகவரி வடிவத்தைப் பார்த்துப் பூட்டினால் ஏதோ ஒன்று விட்டுப்போகும். எழுத்துகளைச் சதவீதக் குறியாக்கி எழுதியும் சில விதிகளை ஏமாற்றலாம். வேர்ட்பிரஸுக்குள்ளேயே, டெம்ப்ளேட் ரீடைரக்ட் கொக்கியில் (நம் நிரலைச் செருகும் இடம்), "இது ஓடையா" என்று கேட்கும் இஸ்ஃபீட் சார்பை வைத்துச் சோதிப்பதே நம்பகமானது. ஆம் என்றால் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து, தவறினால் 401 எண்ணும் பேசிக் அங்கீகாரக் கோரிக்கைத் தலைப்பும் அனுப்பி நிரலை நிறுத்துங்கள்.

சரியான கடவுச்சொல் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்டால், அப்பாச்சி அங்கீகாரத் தலைப்பைப் பி.எச்.பி.க்குத் தரவில்லை. பி.எச்.பி.யை இயக்கும் எஃப்.பி.எம்., சி.ஜி.ஐ. முறைகளில் இதுதான் இயல்பு. 2.4.13 முதல் உள்ள சி.ஜி.ஐ. பாஸ்ஆத் வரியை எச்.டி.அக்சஸில் ஆன் செய்யுங்கள்.

பக்கக் கேஷ் பிளகினில் ஓடை முகவரிகளைக் கட்டாயம் விலக்குங்கள். தேக்கிய நகல் உங்கள் நிரல் ஓடுவதற்கு முன்பே வெளியே போய்விடும். பூட்டு சரியாக இருந்தும் கதவு திறந்திருக்கும்.

படி 8: ஆளுக்கொரு முகவரி

எல்லாப் படிப்பான்களும் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. ஃபிரெஷ்ஆர்எஸ்எஸ், மினிஃப்ளக்ஸ், தண்டர்பேர்ட், நெட்நியூஸ்வயர் ஏற்கும். ஒரே ஓடையைப் பல பயனர்களுக்காக ஒருமுறை எடுத்துப் பங்கிடும் இணையச் சேவைகள் பலவற்றில் அதற்கு இடமில்லை. முகவரிக்குள்ளேயே பயனர்பெயரையும் சொல்லையும் எழுதும் வழி சிலவற்றில் ஓடும் (கடவுச்சொல்லில் @ இருந்தால் %40 என்று எழுத வேண்டும்), ஆனால் சந்தாப் பட்டியலை ஏற்றுமதி செய்யும்போது கடவுச்சொல்லும் கூடவே போய்விடும்.

உறுப்பினர்கள் பலர் இருக்கும் தளத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது இரகசியக் குறி கொண்ட தனி முகவரி. பேட்ரியான் தன் ஆதரவாளர்களுக்குத் தரும் ஒலி ஓடை இந்த வகைதான். ரேண்டம் பைட்ஸ் சார்பால் 16 பைட் எடுத்து 32 எழுத்துக்குறிகளாக மாற்றுங்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒன்று. தரவுத்தளத்தில் குறியை அப்படியே வைக்காமல் அதன் ஹாஷை (மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாத சுருக்கத்தை) வையுங்கள். பயனர் எண்ணையோ மின்னஞ்சலின் ஹாஷையோ இரகசியக் குறியாக வைத்தால் ஊகிக்க எளிது. அணுகல் பதிவேட்டில் முழு முகவரியும் பதிவாகும், அந்தப் பகுதியை மறைத்து எழுதச் செய்யுங்கள். தேடுபொறிகளுக்கு நோஇண்டெக்ஸ் தலைப்பையும், ஒலி ஓடையானால் ஐட்யூன்ஸ் பிளாக் குறியையும் சேர்த்தால் தனி ஓடை பொதுப் பட்டியலில் ஏறும் வாய்ப்பு குறையும்.

பேசிக் முறையில் அங்கீகாரத் தலைப்பு இருப்பதால், இயல்பாகப் பொதுக் கேஷ்கள் பதிலைத் தேக்கக் கூடாது. இரகசிய முகவரியில் அந்தத் தலைப்பு இல்லை. ஆகவே கேஷ் கட்டுப்பாட்டில் "பிரைவேட், நோ-கேஷ்" என்று நீங்களே அனுப்ப வேண்டும். நோ-ஸ்டோர் என்று கடுமையாகப் போட்டால் படிப்பான் பழைய நகலை வைத்திருக்க முடியாது, 304இன் பயன் போய்விடும்.

படி 9: பூட்டைச் சோதிப்பது

கர்லால் வரிசையாக நான்கு முறை கேளுங்கள். கடவுச்சொல் இல்லாமல் 401, தவறானதோடு 401, சரியானதோடு 200. நான்காவதாக மறுபடி கடவுச்சொல் இல்லாமல் கேளுங்கள்; இப்போது 200 வந்தால் எங்கோ ஒரு கேஷ் உங்கள் பதிலைத் தேக்கி ஊருக்குக் கொடுக்கிறது. இந்த நான்கையும் ஆட்டம், கருத்து, பகுப்பு ஓடைகளுக்கும், ஓடையில் உள்ள ஒரு ஒலிக்கோப்பு முகவரிக்கும் செய்யுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றும் நாளில் ஒன்று நடக்கும். பழைய சொல்லை வைத்திருக்கும் படிப்பான்கள் தோல்வியைப் பொருட்படுத்தாமல் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும். ஃபெயில்2பேன் போன்ற காவல் நிரல் அதைத் தாக்குதல் என்று எண்ணி அந்த ஐ.பி. முகவரியையே தடுத்துவிடலாம், அதன் பிறகு அந்த உறுப்பினரால் தளத்தையே திறக்க முடியாது. மாற்றுவதற்கு முன் உறுப்பினர்களுக்கு அறிவித்து, பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒரு வாரம் சேர்ந்தே செல்லுமாறு விடுங்கள், ஓடை முகவரிகளுக்குத் தடை வரம்பையும் உயர்த்துங்கள். தனி முகவரி முறையில் இந்தச் சிக்கல் வராது: விலகியவரின் குறியை மட்டும் நீக்கி, அந்த முகவரிக்கு 410 அனுப்பினால் போதும். படிப்பான் தட்டுவதை நிறுத்தட்டும் என்று நீங்களே விரும்பி 410 அனுப்பும் இடம் இது ஒன்றுதான்.